ஒரு சோறு பதமா? ஒற்றை நோயாளியின் கதையும் மருத்துவத்தின் வரலாறும்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம்மூரில் சொல்வார்கள். சமையலறையில் இது நூற்றுக்கு நூறு சரி. ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே அடுப்பு. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் பானை முழுக்க வெந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். ஆனால் மனிதர்கள் ஒரே பானையில் வெந்தவர்கள் இல்லையே? ஒரே காய்ச்சல், ஒரே மருந்து, ஒருவர் பிழைக்கிறார், இன்னொருவர் பிழைப்பதில்லை. அப்படியானால் பிழைத்தவரை வைத்து மருந்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நான் மருத்துவ மாணவன் இல்லை, வரலாறு படிக்கிறவன். மருத்துவம் படிக்கும் நண்பர்கள் அடிக்கடி "வார்டுல கேஸ் எடுக்கணும்", "நாளைக்குக் கேஸ் பிரசன்டேஷன்" என்று சொல்வார்கள். இந்தக் "கேஸ்" என்கிற விஷயம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அது நாலாயிரம் வருடத்துக் கதையாகப் போய்விட்டது! பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

பாப்பிரஸில் 48 பேர்

1862ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்தின் லக்ஸர் நகரத்தில் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். அதில் என்ன இருக்கிறது என்பது உலகத்துக்கு முழுதாகத் தெரிய 1930 வரை ஆனது. அந்த வருடம்தான் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். சுமார் கி.மு. 1600ல் எழுதப்பட்ட பிரதி அது. அதில் 48 கேஸ்கள். பெரும்பாலும் காயங்கள், எலும்பு முறிவுகள். தலையில் ஆரம்பித்து வரிசையாகக் கீழே இறங்குகிறது.

ஒவ்வொரு கேஸும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதலில் தலைப்பு, அடுத்து நோயாளியைப் பரிசோதிக்கும் முறை, அடுத்து இது என்ன என்ற முடிவு, பிறகு சிகிச்சை. முடிவிலும் மூன்றே வகைதான்: இதை நான் குணப்படுத்துவேன், இதோடு போராடிப் பார்ப்பேன், இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கு நம் நண்பர்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் வரிசையும் கிட்டத்தட்ட இதேதானே?

அடுத்தது கிரேக்கம். ஹிப்போக்ரடீஸின் பெயரில் வழங்கும் "எபிடெமிக்ஸ்" என்ற நூலின் முதல், மூன்றாம் பகுதிகளில் 42 நோயாளிகளின் நாள்வாரிக் குறிப்புகள் இருக்கின்றன. முதல் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் பிதற்றல், இத்தனையாவது நாள் மரணம் என்று ஒரு டயரி போல. இதில் முக்கியமான விஷயம், அந்த 42 பேரில் 25 பேர் இறந்துவிட்டார்கள். அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்! தன்னிடம் வந்து பிழைத்தவர்களைப் பற்றி மட்டும் பேசுவது எந்தக் காலத்திலும் எந்த வைத்தியருக்கும் சுலபம். தோற்ற கேஸையும் சேர்த்து எழுதினால்தான் அது குறிப்பு, இல்லாவிட்டால் விளம்பரம்.

இப்படிப் பார்த்தால், நன்றாகக் கவனித்து நேர்மையாக எழுதினாலே போதும் என்று தோன்றும். போதாது என்பதற்கு அடுத்த கதை.

நல்ல மனசோடு ரத்தம் வடித்தவர்கள்

இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக ஐரோப்பிய வைத்தியத்தின் பெரிய ஆயுதம் ரத்தம் வடிப்பது. காய்ச்சலா, நரம்பைக் கீறு. நிமோனியாவா, இன்னும் கொஞ்சம் கீறு. இல்லையா, அட்டையைக் கடிக்கவிடு. இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய வைத்தியர்கள் யாரும் முட்டாள்களும் இல்லை, ஏமாற்றுக்காரர்களும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள்.

1793ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து சுமார் 5,000 பேர் இறந்தார்கள். ஊரை விட்டு ஓடாமல் இரவு பகலாக நோயாளிகளைப் பார்த்தவர் டாக்டர் பெஞ்சமின் ரஷ். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய சிகிச்சை, கடுமையான பேதி மருந்தும் ஏராளமாக ரத்தம் வடிப்பதும். அவருக்கே காய்ச்சல் வந்தபோது தனக்கும் அதையே செய்துகொண்டார். பிழைத்தார்! இதைவிடப் பெரிய சாட்சி அவருக்கு எதற்கு?

வில்லியம் கோபெட் என்ற பத்திரிகையாளர் மட்டும், ரஷ் ரத்தம் வடிக்க ஆரம்பித்த பிறகு ஊரின் தினசரி இறப்புக் கணக்கு குறையவே இல்லை, ஏறியது என்று பட்டியலைக் காட்டிக் கிண்டல் செய்து எழுதினார். ரஷ் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14.

அதே 1799 டிசம்பர் 14 இரவுதான் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். தொண்டையில் கடுமையான தொற்று, மூச்சுத் திணறல். சுற்றி நின்ற வைத்தியர்கள் கைவிடவில்லை, தங்களுக்குத் தெரிந்த சிறந்த சிகிச்சையைக் கொடுத்தார்கள். ஒரே நாளில் நான்கு முறை ரத்தம் எடுத்தார்கள், மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். ரத்தம் எடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒற்றைக் கேஸின் பிரச்சினையே அதுதான். அதே ஆளுக்கு, அதே நாளில், அந்தச் சிகிச்சை இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் ஒருநாளும் பார்க்க முடியாது.

எண்ணிப் பார்த்தவர்

கோபெட் வைத்தியர் இல்லை, கிண்டலாகச் சொன்னதால் யாரும் மதிக்கவில்லை. அதே வேலையை நிதானமாக, மருத்துவத்துக்குள் இருந்தே செய்தவர் பாரிஸைச் சேர்ந்த பியர் லூயி. அவர் காலத்து பிரான்ஸில் அட்டைக்கு ஏகப்பட்ட கிராக்கி. 1833ல் மட்டும் சுமார் 4 கோடி அட்டைகளை அந்த நாடு இறக்குமதி செய்ததாகக் கணக்கு இருக்கிறது.

லூயி செய்தது ரொம்பச் சாதாரண காரியம். கேஸ் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணினார். நிமோனியா வந்த 77 பேர். எல்லோருக்கும் ரத்தம் எடுக்கப்பட்டது. நோயின் முதல் நான்கு நாட்களுக்குள் எடுத்தவர்கள் 41 பேர், அவர்களில் 18 பேர் இறந்தார்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் எடுத்தவர்கள் 36 பேர், அவர்களில் 9 பேர் இறந்தார்கள். அதாவது 44 சதவீதமும் 25 சதவீதமும். சீக்கிரம் ரத்தம் எடுத்துப் பிழைத்தவர்களுக்கு நோய் சுமார் மூன்று நாள் முன்னதாகத் தீர்ந்தது உண்மைதான். ஆனால் சீக்கிரம் எடுத்தால் உயிர் காக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த எண்களில் இடமே இல்லை. 1835ல் இது புத்தகமாக வந்தது.

இன்றைய கண்ணால் பார்த்தால் இதில் குறைகள் உண்டு. இரண்டு குழுக்களும் எல்லா வகையிலும் சமமானவர்கள் என்று சொல்ல முடியாது. லூயியே ரத்தம் எடுப்பதை அடியோடு விட்டுவிடவில்லை. ஆனாலும் அவர் புது வழி ஒன்றைக் காட்டினார். ஒரு சோற்றைப் பார்க்காதே, எண்ணு.

இதற்கு வந்த எதிர்ப்பும் சுவாரசியமானது. 1837ல் பாரிஸ் மருத்துவ அகாதமியில் பெரிய விவாதமே நடந்தது. எதிர்த்தவர்களின் வாதம் இதுதான்: நூறு பேரின் சராசரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் முன்னால் படுத்திருப்பது சராசரி இல்லை, ஒரு மனிதன். அவனுக்கென்று வயது, உடல்வாகு, வாழ்க்கை எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கை அவனைத் தொலைத்துவிடும் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள், இந்த வாதம் முட்டாள்தனமானதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. அடுத்த நூற்றறுபது வருடம் மருத்துவம் இந்த இரண்டு பாதிகளையும் ஒட்டவைக்கத்தான் முயன்றது.

வகுப்பறைக்கு வந்த கேஸ்

லூயியிடம் படிக்க அமெரிக்காவிலிருந்து நிறைய மாணவர்கள் போனார்கள், குறிப்பாக பாஸ்டனிலிருந்து. அந்த பாஸ்டனில்தான் அடுத்த திருப்பம். இதைச் செய்தது பேராசிரியர் இல்லை, ஒரு மாணவர்!

ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் அப்போது பாடம் என்றால் மணிக்கணக்கில் லெக்சர்தான். வால்டர் கேனன் என்ற மாணவருக்கு அது சலித்துப்போனது. அவருடைய அறைத் தோழர் சட்டம் படித்தார். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் 1870லிருந்தே லாங்டெல் என்பவர் கொண்டுவந்த முறை நடப்பில் இருந்தது. பழைய வழக்குகளைக் கையில் கொடுத்து மாணவர்களையே வாதாட வைப்பார்கள். அறைத் தோழர் இரவெல்லாம் ஆர்வமாக வழக்குகளைப் பற்றிப் பேசுவதைப் பார்த்த கேனன், மருத்துவத்தையும் ஏன் இப்படிப் படிக்கக் கூடாது என்று 1900ல் ஒரு கட்டுரை எழுதினார். (ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று நாம் படிக்கிறோமே, அதைக் கண்டு சொன்னவரும் இதே கேனன்தான்.)

அதைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோனவர் ரிச்சர்ட் கேபட். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1910லிருந்து அவர் நடத்திய வகுப்பு ரொம்பப் பிரபலம். ஒரு நோயாளியின் குறிப்பை மட்டும் ஒரு டாக்டரிடம் கொடுப்பார்கள். அவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு யோசித்து, இது இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். கடைசியில் நோயியல் டாக்டர் எழுந்து, பிரேதப் பரிசோதனையில் உண்மையில் என்ன இருந்தது என்று சொல்வார். பெரிய டாக்டராக இருந்தாலும் தப்பு என்றால் தப்புதான்! இந்த கேஸ்கள் 1920களிலிருந்து அச்சாகின்றன. அந்த இதழ்தான் 1928லிருந்து "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்" என்று பெயர் பெற்றது. இன்றைக்கும் அந்தப் பகுதி வருகிறது. கேபட் 1912ல் மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளை அலசி, உயிரோடு இருக்கும்போது டாக்டர்கள் சொன்ன நோய் எந்தெந்த இடங்களில் தவறிப்போகிறது என்று கணக்கே வெளியிட்டார்.

கேஸ் வைத்துப் படிப்பது ஒரு விஷயத்தை மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்தது: இது என்ன நோய் என்று கண்டுபிடிப்பதை. ஆனால் கொடுத்த சிகிச்சை உண்மையிலேயே பலன் தந்ததா என்ற கேள்விக்குப் பிரேதப் பரிசோதனை பதில் சொல்லாது. அந்த இடத்தில் பழைய கதைதான், மூத்த டாக்டரின் அனுபவமே வேதவாக்கு.

கேள்வியாக வந்த கடிதங்கள்

அப்படியானால் ஒற்றைக் கேஸ்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். தாலிடோமைடு கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து இது. ரொம்பப் பாதுகாப்பானது என்று விளம்பரம். கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் விற்க 1960ல் அனுமதி கேட்டபோது, அந்த விண்ணப்பம் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரியின் மேசைக்கு வந்தது. தரவுகள் போதாது என்று அவர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அப்போது 1960 டிசம்பர் கடைசியில் "பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்" இதழில் வந்த ஒரு சின்னக் கடிதம் அவர் கண்ணில் பட்டது. லெஸ்லி ஃபுளோரன்ஸ் என்ற டாக்டர், இந்த மருந்தை நீண்ட நாள் சாப்பிட்ட நான்கே நான்கு நோயாளிகளுக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டதை எழுதி, இதற்கு தாலிடோமைடுதான் காரணமா என்று கேட்டிருந்தார். நான்கு பேர்தான்! கெல்சி பிடியை இன்னும் இறுக்கினார். அனுமதி கிடைக்கவே இல்லை.

1961 நவம்பரில் ஹாம்பர்க்கைச் சேர்ந்த விடுகிண்ட் லென்ஸ், கைகால் வளராமல் பிறக்கும் குழந்தைகளின் தாய்மார்களைத் தேடித்தேடி விசாரித்து, இந்த மருந்தின் மேல் சந்தேகம் என்று எச்சரித்தார். அந்த மாதமே ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்பிரைட் எழுதிய சில வரிக் கடிதம் "லான்செட்" இதழில் வந்தது. தான் பார்த்ததைச் சொல்லிவிட்டு, வாசகர்களில் வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு முடித்திருந்தார். அதற்குள் உலகம் முழுவதும் 10,000 குழந்தைகளுக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபுளோரன்ஸ், மெக்பிரைட் இருவரின் கடிதங்களும் கேள்விகள். "இதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்லவில்லை, "இதுவா காரணம், பாருங்கள்" என்று கேட்டார்கள். ரஷ் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ரஷ்ஷுக்கு ஒற்றைக் கேஸ் பதிலாகத் தெரிந்தது, இவர்களுக்குக் கேள்வியாகத் தெரிந்தது.

இதற்கு ஒரு சோகமான பின்கதையும் உண்டு. இந்தக் கடிதத்தால் புகழ் பெற்ற மெக்பிரைட், பிற்காலத்தில் வேறொரு மருந்தைப் பற்றிய விலங்கு ஆய்வில் தரவுகளைத் திருத்தியது நிரூபணமாகி, 1993ல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். கேள்வி கேட்கத் தெரிந்தவர், பதிலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்.

எய்ட்ஸ் கதையும் இப்படித்தான் ஆரம்பித்தது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு ஒரு அபூர்வ நிமோனியா என்று ஒரு சிறு குறிப்பு. ஐந்து பேரில் தொடங்கிய கேள்வி உலகம் முழுக்கப் பரவியது. அது சென்னை வரை வந்தது. 1986ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக இதைக் கொடுத்தார். அப்படித்தான் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. பரிசோதித்தவர்களில் ஆறு பெண்களின் ரத்தத்தில் தொற்று இருந்தது. ஒரு மாணவியின் ஆய்வேடு!

பதில் சொல்லும் முறை

கேள்வி கேட்பது கேஸின் வேலை. பதில் சொல்வதற்கு லூயியின் எண்ணிக்கையை இன்னும் சீர்படுத்த வேண்டியிருந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்வது. அப்போதுதான் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் இருப்பார்கள். 1948ல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதில் மைல்கல். காசநோயாளிகள் 107 பேர். ஆறு மாதத்தில் மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள்.

அடுத்த பெரிய காசநோய்க் கேள்விக்குப் பதில் சென்னையிலிருந்துதான் போனது. காசநோய் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வு என்பதுதான் உலகம் முழுக்க நம்பிக்கை. இந்தியாவில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சானடோரியம், ஒரு பகுதிக்கு வீட்டிலேயே மாத்திரை. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெரிசலான குடியிருப்புகள், சாப்பாடும் சுமார்தான். ஆனால் ஒரு வருட சிகிச்சைக்குப் பிறகு இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959ல் முடிவு வெளியானது. சானடோரியங்களின் காலம் முடிய இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடுமையான உதாரணம். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானால் ஆபத்து என்று தெரியும். துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளும் வந்தன. மாத்திரை கொடுத்தால் இ.சி.ஜி. தாளில் துடிப்பு சீராவது ஒவ்வொரு கேஸிலும் கண்முன்னால் தெரிந்தது. 1991ல் முழு முடிவு வெளியான ஆய்வு சொன்னது வேறு: மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்தான். தாளில் எல்லாம் சரி, ஆள்தான் இல்லை.

மறுபடியும் ஒரு நோயாளி

இந்தப் பின்னணியில்தான் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயாட்டும் அவருடைய சகாக்களும் "சான்று சார்ந்த மருத்துவம்" என்ற பெயரோடு வந்தார்கள். 1992ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த அவர்களுடைய கட்டுரைதான் இந்த இயக்கத்தின் பிரகடனம் மாதிரி. எண்களுக்காக வாதாடும் கட்டுரை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு கேஸோடு!

43 வயதுக்காரர், அதுவரை நல்ல ஆரோக்கியம், திடீரென்று முதல்முறையாக வலிப்பு. ஸ்கேன் சரியாக இருக்கிறது, இ.இ.ஜி.யிலும் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மறுபடி வருமா என்று பயத்தோடு கேட்கிறார். பழைய வழி: பயிற்சி டாக்டர் தன் மூத்தவரிடம் கேட்பார். வர வாய்ப்பு அதிகம் என்று அவர் சொல்வார், எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. நோயாளி அதே பயத்தோடு வீட்டுக்குப் போவார். புதிய வழி: பயிற்சி டாக்டர் நூலகத்துக்குப் போய், முதல் வலிப்புக்குப் பிறகு மறுபடி வருவது எத்தனை பேருக்கு என்று தேடுகிறார். ஒரு வருடத்துக்குள் 43 முதல் 51 சதவீதம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 18 மாதம் வராமல் இருந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே. இதைத் தேட ஆன செலவு 2 டாலர் 68 சென்ட், நேரம் அரை மணி என்று கூட எழுதியிருக்கிறார்கள். இப்போது அந்த நோயாளியிடம் சொல்வதற்கு டாக்டரிடம் ஏதோ இருக்கிறது.

1837ல் பாரிஸில் பிரிந்து நின்ற இரண்டு பாதிகள் இங்கே ஒட்டுகின்றன. கேள்வி ஒரு மனிதனிடமிருந்து வருகிறது. பதில் நூற்றுக்கணக்கானவர்களை எண்ணியதிலிருந்து வருகிறது. திரும்பவும் அது அந்த ஒரு மனிதனிடமே போகிறது.

1998: ஒரே வருடம், இரண்டு கட்டுரைகள்

இந்த யோசனைக்கு ஒரு எழுத்து வடிவம் தேவைப்பட்டது. 1998ல் "பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்" இதழில் ஃபியோனா காட்லி ஒரு தலையங்கம் எழுதி, "சான்று சார்ந்த கேஸ் ரிப்போர்ட்" என்ற வகையை அறிமுகப்படுத்தினார். அந்த இதழிலேயே வந்த ஒரு கட்டுரை, புகைபிடிக்காத ஒருவருக்கு இருபது வருடமாக இருக்கும் இருமலைப் பற்றியது. எழுதியவர் ஆஸ்திரேலிய டாக்டர் பால் கிளாசியூ.

பழைய கேஸ் ரிப்போர்ட் என்றால் அபூர்வ நோய், "இப்படி ஒன்றைப் பார்த்தேன், பாருங்கள்" என்று முடிந்துவிடும். இந்த வகை அப்படி இல்லை. நோய் சாதாரணமாகவே இருக்கலாம். முக்கியம், டாக்டர் எப்படி முடிவெடுத்தார் என்பது. நோயாளியின் பிரச்சினையைத் தேடக்கூடிய கேள்வியாக மாற்ற வேண்டும். என்ன தேடினோம், எது கிடைத்தது, அது எவ்வளவு நம்பகமானது, அந்த ஆய்வில் இருந்தவர்கள் இந்த நோயாளி மாதிரியானவர்களா, நோயாளி என்ன விரும்பினார், கடைசியில் என்ன செய்தோம் என்று வரிசையாக எழுத வேண்டும். படிக்கும் மாணவருக்கு, பதிலோடு சேர்த்து அந்தப் பதிலுக்கு வந்த வழியும் தெரிகிறது. வழியில் எங்காவது தப்பு இருந்தால் அவரே சுட்டிக்காட்டலாம். கேபட் வகுப்பில் நோய் கண்டுபிடிப்பதற்கு நடந்த அந்த வெளிப்படையான பரீட்சை, இங்கே சிகிச்சை முடிவுக்கு நடக்கிறது.

அதே 1998 பிப்ரவரியில் "லான்செட்" இதழில் வேறொரு கட்டுரை வந்தது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதியது. 12 குழந்தைகள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. 12 பேரின் கதையை உலகம் பதிலாக எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் தடுப்பூசி போடுவது சரிந்தது. டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளை எண்ணிப் பார்த்து, தொடர்பு இல்லை என்று 2002ல் சொன்னார்கள். பத்திரிகையாளர் பிரையன் டீர் தோண்டத் தோண்ட, அந்த 12 பேரின் குறிப்புகளே திரிக்கப்பட்டவை என்று தெரிந்தது. 2010ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் பறிபோனது. ஆனால் அந்தப் பயம்? அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

கேஸ் ரிப்போர்ட்டில் என்னவெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2013ல் 13 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலும் வந்தது. கேர் வழிகாட்டி என்கிறார்கள். எட்வின் ஸ்மித் பாப்பிரஸின் "தலைப்பு, பரிசோதனை, முடிவு, சிகிச்சை" என்பதன் இன்றைய வாரிசு என்று அதைச் சொல்லலாம்.

நமக்கு இதில் என்ன?

மருத்துவம் படிக்காத நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நாம்தான் தினமும் கேஸ் ரிப்போர்ட் கேட்கிறவர்கள்! "எங்க பெரியப்பாவுக்கு சுகர், இந்தக் கஷாயம் குடிச்சார், மாத்திரையே விட்டுட்டார்." "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த ஊசி போட்ட மறுநாளே இப்படி ஆயிடுச்சு." பெரியப்பா பொய் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. பெஞ்சமின் ரஷ்ஷும்தான் சொல்லவில்லை.

இப்படிக் கதை கேட்டால் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஃபுளோரன்ஸின் நான்கு பேரை ஒதுக்கியிருந்தால் அமெரிக்காவில் எத்தனை குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கும்? ஆனால் அந்தக் கதையைக் கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதே மருந்தைச் சாப்பிட்டுக் குணமாகாதவர்கள் எத்தனை பேர்? சாப்பிடாமலே குணமானவர்கள் எத்தனை பேர்? யாராவது எண்ணினார்களா? எண்ணப்பட்டவர்கள் என் அப்பா மாதிரி, என் பாட்டி மாதிரியான ஆட்களா? இந்த நான்கையும் டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு சோற்றை எடுத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை. அடுப்பை அணைப்பதற்கு முன்னால் பானையையும் ஒருமுறை கிளறிப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவம் படிக்கும் நண்பர்கள் யாராவது உங்கள் கல்லூரியில் இப்படிச் சான்று தேடிக் கேஸ் எழுதும் பழக்கம் இருக்கிறதா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.